உருட்டுக்கட்டையும் குறடும்

வாளையின் வாயை அருகில் பார்த்தவர்கள் குறைவு. மார்க்கெட்டுக்கு அது பெரும்பாலும் துண்டாகத்தான் வருகிறது. முழுசாகக் கிடந்தாலும் வாய் மூடியே இருக்கும். உயிரோடு இருக்கும் ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். மேல்தாடை, கீழ்தாடை இரண்டிலும் பட்டை பட்டையாகப் பொடி ஊசிப் பற்கள், எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. தேங்காய்த் துருவியை உள்பக்கமாக மடித்து வைத்த மாதிரி. விரல் உள்ளே போகும்போது ஒன்றும் ஆகாது. பதறி வெளியே இழுக்கும்போதுதான் தோல் உரிந்துகொண்டு வரும். வாளை பிடித்த கைகளை எங்கள் ஊரில் விரல் முட்டிகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும்.

என் தாய்மாமாவின் கை அப்படிப்பட்ட கை. ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சனிக்கிழமை பட்டுவாடா முடிந்ததும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் இறங்கி, முந்தல் வழியாகப் போடிக்கு வருவார். வந்ததும் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் தூண்டிலை எடுப்பார். கொட்டக்குடி ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்று மடுக்கள். மற்ற நாட்களில் கண்மாய். எப்போதாவது லாரியில் இடம் கிடைத்தால் வைகை அணையின் நீர்தேங்கும் பகுதி. கொட்டக்குடி ஆறு தேனிக்கு அருகே முல்லையாற்றோடு சேர்ந்து வைகைக்குத்தான் போகிறது. 1959இல் அணை திறந்த பிறகு ஆற்று மீனுக்கு அங்கே ஆழமும் இரையும் கிடைத்தன. அங்கே கிடைக்கிற வாளையின் நீளமே வேறு என்பார் மாமா.

வாளை இரவில் மேயும் மீன். இருட்டிய பிறகு கெண்டைக்குஞ்சையோ சின்னத் தவளையையோ பெரிய முள்ளில் கோத்து, ஈயக்குண்டு கட்டித் தூக்கிப் போட்டுவிட்டு, தங்கூசி நரம்பைக் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மீன் கவ்வியதும் சுண்ட மாட்டார். நன்றாக முழுங்கட்டும் என்று விடுவார். அவர் கணக்கில் முள் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. மீன் தப்பாது. கரைக்கு இழுத்ததும் தலையைக் காலால் மிதித்து, வேப்பங்கட்டையால் நெற்றியில் ஒரே அடி. மீன் அடங்கிய பிறகு வாயை அதே கட்டையால் பிளந்து, நரம்பைக் கையில் சுற்றி ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். முள்ளோடு குடலும் சில நேரம் வரும். அவருக்கு முள் முக்கியம். நல்ல முள் மதுரையில்தான் கிடைக்கும்.

பிறகு செவுளுக்குள் கையை விட்டுப் பனைநாரைக் கோத்து, ஏலக்காய் மூட்டை கட்டின பழைய சாக்கில் சுருட்டி வீட்டுக்கு. பெரிய மீனாக இருந்தால் சாக்கு கிடையாது. கம்பில் தொங்கவிட்டு நானும் சித்தப்பா மகனும் முன்னும் பின்னும் பிடித்துத் தெரு வழியாகப் போவோம். வால் தரையில் உரச வேண்டும், அதுதான் கௌரவம். மளிகைக்கடைத் தராசில் எடை போட்டு, அண்ணாச்சி சத்தமாகச் சொல்வார். அன்றைக்குத் தெருவில் பாதி வீட்டில் வாளைக் குழம்பு மணக்கும்.

இதில் எதையும் தவறு என்று நான் எழுத வரவில்லை. அது சோறு. பிடித்ததைத் தின்றார்கள், தின்ன முடியாததைப் பங்கு வைத்தார்கள். மாமா ஒரே அடியில் கொன்றார் என்பதையும் மரியாதையோடுதான் நினைத்துக்கொள்கிறேன். கரையில் மணிக்கணக்கில் துடித்துச் சாகவிடுகிறவர்களை அவர் திட்டுவார். ஆனால் அவரிடம் இருந்த கைத்தொழில் முழுவதும் ஒரே திசையில் போனது. மீன் திரும்பித் தண்ணீருக்குப் போவது என்பது அதில் கிடையவே கிடையாது.

இப்போது என் தங்கை மகன் தூண்டில் போடுகிறான். ஏலக்காய்க் கம்பெனியில் வேலை, ஞாயிறு லீவு. அவனுக்கு மீன் தின்னவே பிடிக்காது. பிடித்து, அளந்து, ஒரு படம் எடுத்து, விட்டுவிட வேண்டும். மாமா உயிரோடு இருந்திருந்தால் இவனை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பது என்று யோசித்திருப்பார். எனக்கு அவன் செய்வது பிடித்திருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கு இருந்த வாளை இன்றைக்கு இல்லை. கண்மாய்கள் தூர்ந்தன. மழை தொடங்கும்போது வாளை முட்டையிட ஏறி வந்த ஓடைகளில் குறுக்கே சுவரும் சாக்கடையும் வந்துவிட்டன. உலக அளவில் அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் இனங்களைப் பட்டியலிடும் ஐயூசிஎன் அமைப்பு வாளையையும் இப்போது ஆபத்துக்குள்ளாகும் இனமாக வைத்திருக்கிறது. தாய்மீன் ஒன்று திரும்பிப் போனால் அதற்கு இன்று விலை அதிகம்.

ஆனால் விடுகிறேன் என்று சொல்லிப் பிள்ளைகள் செய்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கரையின் சுடுமண்ணில் மீன் புரள்கிறது. ஒருவன் செல்போனைத் தேடுகிறான். ஒருவன் செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தலைகீழாகத் தூக்குகிறான். இன்னொருவன், ‘இந்தப் பக்கம் திருப்பு மாப்ள’ என்கிறான். பிறகு தூக்கித் தண்ணீரில் எறிகிறார்கள். மீன் உள்ளே போய் மறைந்ததும் கைதட்டு. அது மறைந்ததே தவிர, பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை நாணல் ஓரத்தில் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதப்பதைப் பார்க்க அவர்கள் வருவதில்லை. மாமா அடித்துக் கொன்ற மீனாவது குழம்பானது. இது யாருக்கும் ஆகாமல் போன சாவு.

1992இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வானவில் ட்ரவுட் மீனை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்த மீன் நமக்கு அந்நியம் இல்லை. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் மூணாறு மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்டதும் ட்ரவுட்தான். போடிமெட்டு, பூப்பாறை வழியாக மேலே ஏறினால் அந்தத் தண்ணீர். சோதனையில் மீன்களைக் களைத்துப்போகும் வரை நீந்த விரட்டினார்கள். அதன்பின் காற்றில் தூக்காமல் விட்டவற்றில் 100க்கு 88 பிழைத்தன. களைத்த பின் 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 62. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28தான். ஒரு நிமிடம் என்பது செல்போனில் நல்ல படம் எடுக்க ஆகிற நேரம். செவுளின் இழைகள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே தூண்டிலோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்கும் மீனின் மூச்சையும் சேர்த்துப் பிடித்து வைப்பது அது.

விரால் கொஞ்சம் தாங்கும், அது காற்றையும் குடிக்கிற மீன். மார்க்கெட்டில் தண்ணீர் குறைவான குண்டானில் விரால் பகல் முழுக்க உயிரோடு கிடப்பதைப் பார்த்துப் பழகியதால் எல்லா மீனும் அப்படித்தான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வாளைக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு பெரிசு, வாய் பெரிசு, பார்வைக்கு முரடு. ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் போய்விடும்.

ஆகவே பல்லுள்ள பெரிய மீனை விடுவதாக இருந்தால் வேலை தூண்டில் போடுவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கித் துருத்திக்கொண்டு ஒரு சின்ன முனை இருக்கும். மீன் கழன்றுபோகாமல் பிடிப்பது அதுதான். குறட்டால் அதை நசுக்கிப் படியவைத்துவிட வேண்டும். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் பெரும்பாலும் தங்கும். கழற்றும்போது முள் வந்த வழியே வழுக்கிக்கொண்டு வரும். மூன்று முனை உள்ள முள் தொங்கும் போலி இரைகள் கடையில் பளபளவென்று இருக்கின்றன. அவற்றில் அந்த மூன்று முனையைக் கழற்றி ஒற்றை முள்ளாக மாற்றிவிடுவது உத்தமம். மீனுக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரு முனை வாளையின் தாடையில் இருக்க, இன்னொரு முனை உங்கள் உள்ளங்கையில் ஏறிவிட்டால், அந்த மீன் உதறும் ஒவ்வொரு உதறலும் உங்கள் சதையில் நடக்கும். அதற்காகவே இடுக்கி மாதிரி வெட்டுகிற கட்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பைக்குள் அடியில் இல்லை, இடுப்பில்.

உயிர் இரை போடுகிறவர்கள் வட்டமாக உள்பக்கம் வளைந்த முள்ளைப் போடலாம். அது தொண்டைக்குள் குத்தாமல் நழுவி வந்து வாயோரத்தில் மாட்டுகிற வளைவு. அதற்கு மீன் கவ்வியதும் வெட்டி இழுக்கக் கூடாது, நிதானமாக இறுக்கினால் போதும். வாளைக்கு நரம்பின் நுனியில் ஒரு முழம் கம்பி கட்டுவதும் அவசியம். வெறும் நரம்பை அது அறுத்துக்கொண்டு போய்விடும். போகும்போது வாயில் முள்ளோடு போகும். மெலிசான நரம்பில் அரைமணி நேரம் விளையாட்டுக் காட்டி இழுப்பதைத் திறமை என்று நினைப்பவர்கள் உண்டு. மீனைக் கொல்லும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. தடித்த நரம்பு போட்டுச் சீக்கிரம் கரை சேர்ப்பதுதான் மரியாதை. சித்திரை வைகாசி நடுப்பகலில் கண்மாய்த் தண்ணீர் கொதிக்கும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. விடுவதற்காகப் பிடிப்பவன் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கலாம்.

மீன் கரைக்கு வந்த பிறகு முதல் விதி, அது தண்ணீரிலேயே இருக்கட்டும். முடிச்சில்லாத ரப்பர் பூச்சு வலையை அடியில் கொடுத்து, முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டே வேலையை முடிக்கலாம். கரைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் நனைத்த தடித்த ஸ்பாஞ்சு விரிப்பு வேண்டும். அது இல்லையா, நனைத்த வாழையிலையைக் கனமாகப் பரப்புங்கள். போடியில் வாழைக்கா பஞ்சம்? சாக்கு வேண்டாம். மாமா மீன் சுருட்டிய அந்தச் சாக்கு வாளையின் உடம்பிலிருக்கும் வழுவழுப்பை ஒரே இழுப்பில் துடைத்துவிடும். வாளைக்குச் செதில் கிடையாது, அந்த வழுவழுப்புதான் தோலுக்குக் காவல். அது போனால் பூஞ்சை ஏறும். காய்ந்த கையும், காய்ந்த துணியுறையும் அதே கெடுதலைத்தான் செய்யும். கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும்.

அடுத்தது பிடி. ஒரு கை வயிற்றுக்கு அடியில், மற்றொன்று வாலின் முன்பக்கம். தூக்கினால் மட்டமாகத்தான் தூக்க வேண்டும். தண்ணீரின் தாங்கலில் வளர்ந்த உடம்பு அது. பெரிய மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடை மூட்டும் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் அந்த எடையைத் தாங்குவதற்குப் படைக்கப்படவில்லை. உதட்டைக் கவ்விப் பிடிக்கும் கருவி ஒன்று இப்போது விற்கிறது. தண்ணீருக்குள் மீனை அசையாமல் நிறுத்திக்கொள்ள மட்டும் அது உதவும். அதில் தொங்கவிட்டு எடை பார்ப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். செவுளுக்குள் விரல் போகவே கூடாது. அந்தச் சிவப்பு இழைகள் கிழிந்தால் ரத்தம் நிற்காது.

முள்ளை எடுக்கக் குறடு, அதுவும் நீள மூக்குக் குறடு. வாளையின் வாய்க்கு ஒரு சாண் நீளமாவது வேண்டும், அப்போதுதான் உங்கள் விரல் பல்லுக்கு வெளியே நிற்கும். முள்ளின் வளைவைக் குறட்டால் பிடித்து, முதலில் உள்பக்கம் லேசாகத் தள்ளி, குத்திய கோணத்திலேயே திருப்பி வெளியே கொண்டுவர வேண்டும். வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் கம்பியைச் சொருகுவார்கள் சிலர். அதன் கூர்முனை அண்ணத்தைக் கிழிக்கும். பதறாமல் காத்திருந்தால் மீனே மூச்சுக்கு வாயைத் திறக்கும். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் அதைத் தேடிக்கொண்டு போகக் கூடாது. தெரிகிற இடத்தில் முள்ளைக் கட்டரால் துண்டிக்கலாம். தெரியவே இல்லையென்றால் கம்பியை எட்டுகிறவரை உள்ளே ஒட்ட நறுக்கிவிட்டு விட்டுவிடுங்கள். தோண்டி எடுத்த மீனைவிட நறுக்கி விட்ட மீன்தான் அதிகம் பிழைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. மாமா இதைக் கேட்டால் முள் போச்சே என்றுதான் சொல்வார். இன்றைக்கு முள்ளின் விலை ஒரு டீ விலை.

விடும்போது எறியக் கூடாது என்பதை இன்னும் எத்தனை முறை சொல்வது? ஆறாக இருந்தால் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கண்மாயில் நிமிர்த்திப் பிடித்தால் போதும். முன்னும் பின்னும் ஆட்டுவது பழைய பழக்கம். பின்னால் இழுக்கும்போது செவுளுக்குள் தண்ணீர் தலைகீழாகப் போகிறது. செவுள் மூடித் திறப்பது சீராகி, வால் கையை உதைத்துத் தள்ளும்போது கையை எடுத்தால் சரி. சில நேரம் வெகுநேரம் ஆகும். நிற்க வேண்டியதுதான். உங்கள் கையில் பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கண்மாய்த் தண்ணீர் இன்று சுத்தமாக இல்லை.

விராலுக்கு ஒரு தனிச்சொல். முட்டை பொரிந்த பிறகு செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகும், தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும், பசியினால் இல்லை, குஞ்சைக் காக்க. அந்த நேரத்தில் அதன்மேல் தூண்டில் போடுவதே கூடாது என்பேன். தெரியாமல் மாட்டிவிட்டால் அந்த இடத்திலேயே, அந்தக் கணமே விட வேண்டும். நூறடி தள்ளிப் போய்ப் படமெடுத்து வருவதற்குள் குஞ்சுகளைக் கெண்டையும் ஜிலேபியும் முடித்துவிடும்.

பெரிய மீன் பிடித்த பெருமையின் கதையும் இப்படித்தான் தலைகீழாகியிருக்கிறது. 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹசீர் மீன் ஒன்றை டி வெட் வான் இங்கன் பிடித்தார். இன்றுவரை பேசப்படும் எடை அது. அவர் குடும்பம் மைசூரில் புலியையும் சிறுத்தையையும் பாடம் செய்து கொடுத்த குடும்பம். அந்தக் காலத்தில் பெருமை என்பது சுவரில் மாட்டுவது. அதே காவிரிப் படுகையில் 1970களுக்குப் பிறகு பிடித்து விடுகிற பழக்கம் வந்தது. காவிரிக் கரைத் தூண்டில் முகாம்களில், முன்பு வெடிபோட்டு மீன் பிடித்தவர்களே வழிகாட்டிகளாக வேலைக்குச் சேர்ந்தார்கள். எடை எழுதிய ஏடுகள் மிஞ்சின. 1998 முதல் 2012 வரையிலான அந்த ஏடுகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் எடுத்துப் படித்தபோது ஒரு கொடுமை வெளியே வந்தது. ஆற்றுக்கே சொந்தமான திமில் மஹசீர் குறைந்துகொண்டே போயிருந்தது. குஞ்சுப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து நல்லெண்ணத்தோடு விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகியிருந்தது.

அந்தத் திமில் மஹசீருக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். பாம்பாற்றில் கிடைத்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவியும் இதுவும் ஒன்றே என்று அப்போது நிறுவினார்கள். பாம்பாறு எங்கோ இல்லை. மறையூர்ப் பக்கம் ஓடி அமராவதியாக நம் மாநிலத்துக்குள் வருகிற ஆறு. அதே ஆண்டு அந்த மீன் மிக அருகிவரும் இனம் என்று அறிவிக்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து ஓடை மடுவில் வெடி போடுகிறவனும், ஊற வைத்த காயை அரைத்துக் கலக்குகிறவனும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெடியும் நஞ்சும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம், கேட்கிற ஆள்தான் வேண்டும்.

ஆகவே எப்படி விடுவது என்று கற்றுக்கொண்டவன் எதை விடுவது என்றும் கற்றுக்கொள்ள வேண்டும். 2018 பெருவெள்ளத்தின்போது கேரளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து அரபைமாவும் முதலை மாதிரி மூக்குள்ள அலிகேட்டர் காரும் ஆறுகளுக்குள் போனதைப் படித்திருப்பீர்கள். தொட்டியில் ஆசைக்கு வளர்த்து, பெரிதானதும் பாவம் பார்த்துக் கண்மாயில் விடுகிறவர்கள் நம் பக்கமும் உண்டு. அது பாவம் பார்ப்பது இல்லை.

போன மழைக்குப் பிறகு மருமகனோடு கண்மாய்க்குப் போயிருந்தேன். முதலில் மாட்டியது ஒரு நடுத்தர வாளை. தண்ணீருக்குள்ளேயே வைத்து, குறட்டால் ஒரு திருப்பு. முள் வந்துவிட்டது. தாங்கிப் பிடித்தான், போய்விட்டது. படம்கூட எடுக்கவில்லை. அடுத்தது கனத்த இழுப்பு. வலைக்குள் வந்ததும் பார்த்தால் தட்டைத் தலை, எட்டு மீசை, பளிங்குக்கல் மாதிரி திட்டுத்திட்டாக உடம்பு. ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2000இலேயே தடை போட்ட மீன், நம் குளத்துக் குஞ்சுகளையெல்லாம் வழித்துத் தின்பது. அவன் பழக்கதோஷத்தில் கையை நனைத்துக்கொண்டு வயிற்றைத் தாங்கினான்.

“இதையும் விட்டுரலாமா மாமா?”

“விடாத மாப்ள. அந்த வேப்பங்கட்டைய எடு.”

ஒரே அடியில் முடித்தேன். நாலு வீட்டுக்குப் பங்கு வைத்தோம்.